பொங்கல் விடுமுறையில் சிறு பிள்ளைகளுக்கு நன்றியுணர்வை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

வாசகர் கேள்வி, 2024 டிசம்பர் 20

என் மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு நான்கு. அரையாண்டு விடுமுறையில் தொடங்கிப் பொங்கல் முடியும் வரை புதுத்துணி, பரிசு, தின்பண்டம் என்று ஏதாவது வந்துகொண்டே இருப்பதால் எதுவுமே அவர்களுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. அதனால் தினமும் படுக்கப் போகும் முன் மூன்று நன்றிகளை எழுத வைக்கிறேன். பத்தாம் நாளே மகன், "வைஃபைக்கு நன்றி, நூடுல்ஸுக்கு நன்றி, நாளைக்கும் இதே" என்று எழுதி வைத்துவிட்டுத் தூங்கிப் போனான். பொங்கல் நன்றி சொல்லும் திருநாள்தானே? அன்றைக்குச் சூரியனுக்கு முன்னால் நிறுத்தி முறையாகச் சொல்ல வைத்தால் மனத்தில் பதியும் என்று நினைக்கிறேன். செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.

டிசம்பர் 20, இரவு

செய்து பார்த்தவள் நான். பதியாது.

சென்ற பொங்கலன்று, அதாவது 2024 ஜனவரி 15 அன்று, தாம்பரத்தில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில், அப்போது ஆறு வயதான மகளையும் மூன்று வயதான மகனையும் கிழக்கு நோக்கி நிறுத்தி, "எங்களுக்குச் சோறு கொடுத்ததற்கு நன்றி" என்று சூரியனிடம் சொல்லச் சொன்னேன். மகள் கணீரென்று சொன்னாள். சொல்லிவிட்டுச் சற்று நேரம் காத்திருந்து, "சூரியன் ஏன் பதில் சொல்லவில்லை?" என்று கேட்டாள். ஒருவர் நன்றி சொன்னால் மற்றவர் "பரவாயில்லை" என்று சொல்ல வேண்டும் எனப் பள்ளியில் கற்றுக் கொடுத்திருந்தார்கள்; அவளைப் பொறுத்தவரை சூரியனுக்கு மரியாதை தெரியவில்லை. மகன் கண் கூசி அழத் தொடங்கினான். இந்த அமளியில் பால் பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது. அதை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. சொற்பொழிவாற்றப் போய்ப் பொங்கலைத் தவறவிட்ட குடும்பம் என்று என் கணவர் இன்று வரை கேலி செய்கிறார்.

டிசம்பர் 21

நேற்று எழுதியதற்குப் பிறகு ஒன்று தோன்றியது. நான் வளர்ந்த வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி என்ற சொல்லைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. எங்கள் ஊர் சேரன்மகாதேவி. தேங்காய் பறித்துப் போட்டவர் புறப்படும்போது என் அம்மா இரண்டு காயை அவர் பையில் போட்டு, "வெயிலில் நடக்காதீர்கள், மோர் குடித்துவிட்டுப் போங்கள்" என்பாளே தவிர, நன்றி என்று சொல்ல மாட்டாள். சொன்னால் அவரை அந்நியராக்கியது போல ஆகிவிடும். திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, அதன் எண் 11. ஆனால் அங்கே நன்றி என்பது ஒருவர் நமக்குச் செய்த நன்மை; நாம் வாயால் சொல்லும் சொல் அன்று. செய்த நன்மையை அறிய வேண்டும் என்பதுதான் தலைப்பு. அப்படியானால் பிள்ளைக்குக் கற்றுத் தர வேண்டியது சொல்வதை அன்று, அறிவதை. நான்கு வயதுப் பிள்ளை எதையும் கையால்தான் அறியும் என்பது என் எண்ணம்.

அப்படி ஒன்றைத்தான் இந்த மார்கழியில் தொடங்கியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் மார்கழி முழுவதும் விடியற்காலையில் கோலமிட்டு, நடுவில் சாண உருண்டை வைத்து, அதில் பூசணிப்பூவைச் செருகுவார்கள். மாலையில் பூவோடு சேர்த்து அந்தச் சாணத்தை வறட்டியாகத் தட்டிக் காய வைப்பார்கள். தை பிறந்த பிறகு பெண் குழந்தைகள் சிறுவீட்டுப் பொங்கல் வைத்து, முப்பது நாள் வறட்டியையும் ஆற்றில் விடுவார்கள். சிறு பிள்ளைகளே நடத்தும் பண்டிகை அது. தாம்பரத்தில் மூன்றாம் மாடியில் அதைச் செய்ய முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 23

முடிகிறது, ஆனால் மின்தூக்கியில் சாணம் கொண்டு செல்லக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது; முதல் நாள் நான் எடுத்துச் சென்ற நெகிழிப் பையில் ஓட்டை இருந்தது. இப்போது படியேறுகிறோம்.

பின்தெருவில் நான்கு மாடு வைத்துப் பால் கறக்கும் பெரியவரிடம் காலை ஐந்தரை மணிக்கு மகளும் நானும் போகிறோம். முதல் இரண்டு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவள், மூன்றாம் நாள் கன்றுக்குட்டியின் பெயர் என்னவென்று கேட்டாள். நான்காம் நாள் சாணத்தைத் தானே கையால் அள்ளினாள். சூடாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கையை எடுத்துவிட்டு, மறுபடி வைத்துப் பார்த்தாள். அந்த ஒரு நொடிக்காகவே இவ்வளவு படி ஏறியிருக்கலாம் என்று தோன்றியது.

பூசணிப்பூ தினமும் கிடைப்பதில்லை. கிடைக்காத நாளில் செம்பருத்தி வைக்கிறோம். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "செம்பருத்தியா?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

டிசம்பர் 25

எதிர்வீட்டுக்காரர்கள் நாகர்கோவில்காரர்கள். இன்று காலை எவர்சில்வர் தட்டில் பிளம் கேக், அச்சுமுறுக்கு, கல்கல் எல்லாம் வந்தன. என் மகன் கல்கல்லை ஒவ்வொன்றாக வரிசையில் அடுக்கி, புழு ஊர்கிறது என்று சொல்லிச் சொல்லித் தின்றான். தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனபோது, வெறும் தட்டாகக் கொடுக்கக் கூடாது என்ற பழைய வழக்கம் நினைவுக்கு வந்தது. வீட்டில் சர்க்கரைதான் இருந்தது. ஒரு கிண்ணம் சர்க்கரை வைத்துக் கொடுக்கலாம் என்றேன். மகள் ஒப்பவில்லை; அவர்கள் கேக் தந்திருக்கும்போது சர்க்கரை கொடுப்பது ஏமாற்று வேலை என்றாள். ஆகவே பொங்கல் வரை தட்டு எங்களிடமே இருக்கும் என்று முடிவாகிவிட்டது. எதிர்வீட்டு அக்கா தட்டைத் தேடப் போகிறார்.

கேள்வி கேட்டவருக்கு: மூன்று நன்றிகளை எழுதுவதைவிட ஒரு தட்டைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். யார் கொடுத்தது, எவ்வளவு கொடுத்தது, நாம் என்ன கொடுக்கப் போகிறோம் என்ற கணக்கு முழுவதும் அதில் இருக்கிறது.

டிசம்பர் 28

ஒரு திருத்தம். முப்பது நாள் வறட்டி என்று 21ஆம் தேதி எழுதியிருந்தேன். மகள் நாட்காட்டியை எடுத்து எண்ணிவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். இந்த மார்கழி டிசம்பர் 16இல் பிறந்து ஜனவரி 13இல் முடிகிறது, 29 நாள்தான். அதிலும் நாங்கள் தொடங்கியதே 19ஆம் தேதி. ஆக 26.

இன்னொரு திருத்தம், இது சற்றுக் கசப்பானது. கணக்கு அதில் இருக்கிறது என்று தட்டைப் பற்றி எழுதியதை என் கணவர் படித்துவிட்டு, "வாங்கியதற்குச் சரியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது, அவ்வளவுதானே, அதற்கும் நன்றிக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. மொய் நோட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம் எல்லோரும். அவர்கள் 501 வைத்தால் நாமும் 501 வைப்போம், ஒரு ரூபாய் குறைந்தால் பத்து ஆண்டு பேசுவோம். தட்டு அப்படி ஆகிவிடக் கூடாது. ஆனாலும் தட்டு மொய் போன்றது அன்று என்றே நினைக்கிறேன். மொய்யில் கணக்கு தீர்வதற்காக எழுதுகிறோம். தட்டு தீரவே கூடாது என்பதற்காகத்தான் அதை வெறுமையாகக் கொடுப்பதில்லை. இதை அவரிடம் சொன்னபோது அவர் தூங்கிவிட்டிருந்தார்.

2025 ஜனவரி 5

போகியைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. பழையன கழிப்பதைப் பிள்ளைகளோடு எப்படிச் செய்வது என்பதில் நான் ஒரு முறை நன்றாகவே தவறியிருக்கிறேன்.

எரிப்பதை விட்டுவிட்டோம். 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகையாலும் பனிமூட்டத்தாலும் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் போன காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மகள் அப்போது கைக்குழந்தை, சன்னல் எல்லாவற்றையும் துணி வைத்து அடைத்தும் அவள் நாள் முழுக்க இருமினாள். இப்போது அவளே கணக்கு நோட்டை மட்டும் எரிக்கலாமா என்று ஆண்டுதோறும் விண்ணப்பிக்கிறாள்.

தவறியது எரிப்பதில் அன்று, கொடுப்பதில். சென்ற ஆண்டு போகிக்கு முதல் நாள், மகனின் பழைய பொம்மைகளை ஒரு பையில் போட்டு, "இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுப்போம், அப்போதுதான் நமக்கு இருப்பதன் அருமை தெரியும்" என்று சொல்லி, காவலாளியின் மகனுக்குக் கொடுக்க வைத்தேன். அதில் சக்கரம் கழன்ற ஒரு பேருந்து இருந்தது. என் மகனுக்கு மிகவும் பிடித்த பேருந்து அது, அழுதுகொண்டே கொடுத்தான். அந்தப் பையன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு உடைந்ததைக் கழிக்க வேண்டியிருந்தது, அதற்கு நான் தருமம் என்று பெயர் வைத்திருந்தேன். இரண்டு பிள்ளைகளுக்குமே அது தெரிந்துவிட்டது. இந்த ஆண்டு உடைந்தவை குப்பைக்குப் போகின்றன. கொடுக்க விரும்பினால் நன்றாக இருக்கும் ஒன்றை அவனே தேர்ந்தெடுக்கட்டும், விரும்பாவிட்டால் வேண்டாம்.

இருப்பதன் அருமையை இல்லாதவரைக் காட்டிக் கற்பிப்பது எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஜனவரி 8

ஊருக்குப் போகிறோம். நெல்லை ரயிலில் இடம் கிடைக்கவில்லை; செப்டம்பரில், 120 நாளுக்கு முன்பே, முன்பதிவு திறந்து சில நிமிடங்களில் தீர்ந்துவிட்டது. 12ஆம் தேதி இரவு கிளாம்பாக்கத்திலிருந்து பேருந்து. 17ஆம் தேதி வெள்ளிக்கிழமையையும் அரசு விடுமுறையாக அறிவித்துவிட்டதால் 14 முதல் 19 வரை ஆறு நாள் சேர்ந்து கிடைக்கிறது. சிறுவீட்டுப் பொங்கலை எங்கள் வீட்டில் செவ்வாய் அல்லது வெள்ளியில்தான் வைப்பார்கள். ஆகவே அந்த அறிவிப்பைக் கேட்டு எங்கள் வீட்டில் மிகவும் மகிழ்ந்தவர் என் அம்மா.

வறட்டிகளைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கியாகிவிட்டது. மீதி ஐந்து நாளுக்கு உரியவற்றுக்கு மேலே இடம் விட்டிருக்கிறேன். பெட்டியின் மேல் மகள், "உடையும் பொருள்" என்று எழுதியிருக்கிறாள்.

கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து என் மாமியார், எப்போதும் போல, மாடே இல்லாமல் என்ன பொங்கல் என்று கேட்டார். அவர்கள் பக்கம் பெரும்பொங்கலைவிடப் பட்டிப் பொங்கல்தான் பெரிது. பட்டிக்குள் சாணத்தால் சிறிய தெப்பக்குளம் கட்டி, நீர் நிரப்பி, பூப்போட்டு, மாட்டை அதில் மிதித்துத் தாண்டவிடுவார்கள். குளத்தைக் கட்டுவதும் நீர் ஊற்றுவதும் பெரும்பாலும் பிள்ளைகளின் வேலை. அடுத்த ஆண்டு அங்கே என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். (இந்த வாக்கைச் சென்ற ஆண்டும் கொடுத்தோம்.)

ஜனவரி 13, சேரன்மகாதேவி

பன்னிரண்டு மணி நேரம் என்றார்கள், பதினாறு ஆயிற்று. விழுப்புரம் தாண்டியதும் மகன் நடத்துநரிடம், "உங்களுக்கு நாளை மறுநாள் எங்கே பொங்கல்?" என்று கேட்டான். அவர் சிரித்துவிட்டு, "கிளாம்பாக்கத்தில், உன்னைப் போல ஆட்களை ஏற்றிக்கொண்டு" என்றார். அதற்குப் பிறகு மகன் தூங்கவேயில்லை. தன் பொட்டலத்திலிருந்த முறுக்கில் பாதியை அவருக்குக் கொடுத்தான். அவரும் வாங்கித் தின்றார். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இது 2023ஆம் ஆண்டு காணும் பொங்கலை நினைவூட்டியது. அன்று மெரினாவுக்குப் போயிருந்தோம். கூட்டத்தில் பிள்ளைகள் தொலைந்துவிடாமல் இருக்க, பெற்றோரின் கைபேசி எண்ணை எழுதிய பட்டையைக் காவல்துறையினர் குழந்தைகளின் மணிக்கட்டில் கட்டிவிடுவார்கள். மகளுக்கு ஓர் இளம் பெண் காவலர் கட்டினார். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் அதைக் கழற்ற விடவில்லை. எழுத்து அழிந்து நைந்து போகும் வரை ஒரு வாரம் கட்டியிருந்தாள். "அந்த அக்காவின் வீட்டில் இன்றைக்குப் பண்டிகை இல்லையா?" என்று இரவில் கேட்டாள். அப்போது நான், "அது அவர்கள் வேலை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். இன்று பேருந்தில் உட்கார்ந்துகொண்டு அந்த வரியை எண்ணி வெட்கப்பட்டேன்.

ஜனவரி 14, பொங்கல்

வாசலில் காவியும் சுண்ணாம்பும் பூசிய மூன்று பொங்கல் கட்டிகளை வைத்து, பனையோலை போட்டு எரித்தோம். பனையோலை படபடவென்று பற்றிச் சட்டென்று அணைந்துவிடும். ஆள் மாற்றி ஆள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஓலையை எடுத்துக் கொடுப்பது மகளின் வேலை. மகனுக்குப் "பொங்கலோ பொங்கல்" என்று கூவும் வேலை. பால் சூடேறும் முன்பே பதினொரு முறை கூவிவிட்டு, உண்மையில் பொங்கிய நேரத்தில் அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆச்சி குலவையிட்டபோது வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்தான். எல்லோரும் பானையைப் பார்த்தோம். இந்த முறை ஒரு துளியும் தவறவில்லை.

மாலையில் வயல் பக்கம் நடந்தபோது மகள் என்னைத் திணறடித்துவிட்டாள். பள்ளியில் பொங்கலை அறுவடைத் திருநாள் என்று எழுதியிருக்கிறாள். இங்கே பார்த்தால் வயல் முழுவதும் பச்சை. "இன்னும் அறுக்கவே இல்லையே, பிறகு எதற்குப் பொங்கல்?" என்றாள். உண்மைதான். காவிரிப் படுகையில் தை என்றால் சம்பா அறுவடை. தாமிரபரணிப் பாசனத்தில் இப்போது நிற்பது பிசானம். மாசி, பங்குனியில்தான் கதிர் அறுப்பார்கள். கார் நெல் எப்போதோ அறுத்து முடிந்துவிட்டது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தும், விளைந்து முடியாத வயலின் நடுவே நின்று ஒவ்வோர் ஆண்டும் பொங்கலிட்டதை நான் ஒருமுறைகூட எண்ணிப் பார்த்ததில்லை.

என் அப்பாவிடம் அவளே போய்க் கேட்டாள். "ஆறு தண்ணீர் கொடுத்துவிட்டது, வெயிலும் கொடுத்தாகிவிட்டது. நெல் வருமா வராதா என்பது இனிமேல் தெரியும். வந்த பிறகுதான் கும்பிடுவேன் என்றால் அது வியாபாரம்" என்றார். டிசம்பர் இரண்டாம் வாரத்து வெள்ளத்தில் நட்ட பயிரின் ஒரு பகுதி மூழ்கி எழுந்த வயலைக் காட்டிக்கொண்டுதான் இதைச் சொன்னார். 28ஆம் தேதி என் கணவர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதிலோ என்று நினைக்கிறேன். அவரும் அருகில்தான் நின்றார். கரும்பு கடித்துக்கொண்டிருந்ததால் கேட்டாரா என்று தெரியவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

சிறுவீட்டுப் பொங்கல் முடிந்தது. முற்றத்தில் களிமண்ணால் ஒரு சாண் உயரத்துக்குச் சுவர் வைத்து, அடுக்களை, தாழ்வாரம், வாசல் என்று வீடு கட்டினார்கள். பக்கத்து வீட்டுச் சிறுமிகள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். மகன் தனக்கும் ஓர் அறை வேண்டும் என்று கேட்டு, பெண் பிள்ளைகள் மறுத்து, பேச்சுவார்த்தைக்குப் பிறகு அவனுக்கு வண்டி நிறுத்தும் இடம் ஒதுக்கப்பட்டது. உழக்கு அளவுள்ள பானையில் பொங்கல். ஆளுக்கு இரண்டு வாய்தான் வரும்; அதையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மிச்சத்தை நக்கினார்கள்.

மாலையில் வறட்டிகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனோம். 26இல் 2 பேருந்திலேயே தூளாகிவிட்டன. மகள் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது கிறிஸ்துமஸ் அன்று தட்டியது, இது மழையில் காயாதது, இது செம்பருத்தி என்று பார்த்துப் பார்த்து நீரில் விட்டாள். பூ காய்ந்து காகிதம் போல ஒட்டியிருந்தது. மேலே சூடம் ஏற்றிய சில வறட்டிகள் கொஞ்ச தூரம் எரிந்துகொண்டே போயின. ஒன்றை மட்டும் விட மறுத்து, பால்காரத் தாத்தாவின் கன்றுக்குக் காட்ட வேண்டும் என்றாள். அம்மா, எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, பிறகு செம்பருத்தியையே பொறுத்துக்கொண்டவள் என்பதால் இதையும் விட்டுவிட்டாள்.

ஜனவரி 20, தாம்பரம்

எதிர்வீட்டுத் தட்டு திரும்பிப் போயிற்று: இரண்டு துண்டு கரும்பு, மஞ்சள் கொத்து, அம்மா கொடுத்த பனங்கிழங்கு. மகனே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனான். போகும் வழியில் ஒரு கிழங்கைக் கடித்துப் பார்த்திருக்கிறான். பல் தடத்தோடுதான் அது தட்டில் இருந்தது என்று அக்கா பிறகு சொன்னார்.

மூன்று நன்றிகள் எழுதும் நோட்டு என்னவாயிற்று என்று கேள்வி கேட்டவர் இன்னும் எழுதவில்லை.

பிப்ரவரி 11, தைப்பூசம்

அவர் எழுதிவிட்டார். நோட்டை நிறுத்தவில்லையாம், ஆனால் மகன் இப்போது எழுதாமல் படம் வரைகிறானாம். நேற்று வரைந்தது குப்பை வண்டி ஓட்டும் அக்காவை.

இங்கே, அந்த ஒற்றை வறட்டியைக் கன்றுக்குக் காட்டியாகிவிட்டது. கன்று அதை நக்கப் பார்த்தது. இப்போது அது எங்கள் பால்கனியில் துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எதிர்வீட்டிலிருந்து அதே தட்டு நேற்று மீண்டும் வந்தது, இந்த முறை நேந்திரங்காய் வறுவலோடு. வறுவல் தீர்ந்துவிட்டது. தட்டில் என்ன வைக்கலாம் என்று மகன் காலையிலிருந்து குளிர்பதனப் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிறான்.